பவுல்ஸ் எதிர் இங்கிலாந்து வங்கி வழக்கு

பவுல்ஸ் எதிர் இங்கிலாந்து வங்கி என்பது 1912 நவம்பரில் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த வரி வழக்காகும். நிதியமைச்சர் முன்மொழிந்த வரியைக் காமன்ஸ் சபைக் குழுவின் தீர்மானத்தை மட்டும் கொண்டு வசூலிக்கலாமா என்பதே இதில் எழுந்த கேள்வி.

பின்னணி

வரிப் பொறுப்பு பிரித்தானியாவில் இரு கைகளில் உள்ளது. வரியை முன்மொழிவது அரசு. இசைவு தருவது நாடாளுமன்றம். முதலாம் சார்லஸ் மன்னர் 1630களில் நாடாளுமன்றத்தைக் கூட்டாமலே கப்பல் வரி வசூலித்தது, பின்னர் மூண்ட உள்நாட்டுப் போருக்கு ஒரு காரணமாயிற்று. நாடாளுமன்ற இசைவின்றி மன்னருக்காகப் பணம் திரட்டுவது சட்டவிரோதம் என 1689ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம் அறிவித்தது.

ஆயினும் நடைமுறையில் ஓர் இடைவெளி இருந்தது. வருமான வரி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. பழைய அனுமதி ஏப்ரல் 5ஆம் நாள் முடிந்துவிடும். புதிய நிதிச் சட்டம் நிறைவேறச் சில மாதங்கள் ஆகும். சுங்கவரி உயர்வு உடனே நடைமுறைக்கு வராவிட்டால், வணிகர்கள் பழைய வரியைக் கட்டிச் சரக்கைக் கிடங்கிலிருந்து எடுத்துவிடுவர். எனவே சபைக் குழுவின் தீர்மானம் நிறைவேறியவுடன் வசூலைத் தொடங்குவது நீண்டகால வழக்கமாக இருந்தது.

வழக்கும் தீர்ப்பும்

தாமஸ் கிப்சன் பவுல்ஸ் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர். 'வேனிட்டி ஃபேர்' இதழைத் தொடங்கியவர். 1912இல் லாயிட் ஜார்ஜ் நிதியமைச்சராக இருந்தார். அவ்வாண்டின் நிதிச் சட்டம் நிறைவேறும் முன்பே, பவுல்ஸ் வைத்திருந்த கடன்பத்திரங்களின் வருவாயில் இங்கிலாந்து வங்கி வருமான வரியைப் பிடித்தம் செய்தது. அதை எதிர்த்து அவர் வழக்குத் தொடுத்தார்.

எத்தனை காலம் பின்பற்றப்பட்டாலும் வழக்கம் சட்டமாகாது என்று நீதிபதி பார்க்கர் முடிவு செய்தார். காமன்ஸ் சபை நாடாளுமன்றத்தின் ஒரு பகுதியே. அதன் குழுவின் தீர்மானம் யாரிடமும் வரி வாங்க அதிகாரம் தராது. பவுல்ஸ் வென்றார்.

விளைவு

அடுத்த ஆண்டே, 1913இல், தற்காலிக வரி வசூல் சட்டம் இயற்றப்பட்டது. நடப்பிலுள்ள வரிகளை மாற்றவோ புதுப்பிக்கவோ காமன்ஸ் சபை நிறைவேற்றும் தீர்மானத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் அது சட்ட வலிமை அளித்தது. பழைய வழக்கம் இவ்வாறு காலக்கெடுவுடன் கூடிய சட்டமாயிற்று.

இந்தியாவில்

இந்தியாவில் 1931இல் இதே பெயரில் ஒரு சட்டம் வந்தது. 2023ஆம் ஆண்டின் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. மசோதாவில் உரிய அறிவிப்பு இருந்தால், சுங்க, கலால் வரி மாற்றங்கள் அறிமுகமான நாளின் நள்ளிரவே நடைமுறைக்கு வரும். இங்கே சபையின் தீர்மானம்கூடத் தேவையில்லை. ஆனால் மசோதா 75 நாள்களுக்குள் சட்டமாகாவிட்டால் மாற்றம் காலாவதியாகும். கூடுதலாக வாங்கிய தொகையைத் திருப்பித் தர வேண்டும்.

அரசியலமைப்பின் 117ஆம் உறுப்பின்படி, வரி விதிக்கும் மசோதாவைக் கொண்டுவரக் குடியரசுத் தலைவரின் பரிந்துரை வேண்டும். வரியைக் குறைக்கும் திருத்தத்துக்கு வேண்டியதில்லை. சட்டத்தின் அதிகாரமின்றி வரி விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது 265ஆம் உறுப்பு. பவுல்ஸ் நீதிமன்றத்தில் நிலைநாட்டிய கொள்கையும் இதுவே.