தாளின் ஓரமும் அச்சும்

தாளின் விளிம்பு வரை மை ஏற்றுவது அச்சுத்தொழிலில் எந்தக் காலத்திலும் எளிதாக இருந்ததில்லை. தாளை எங்காவது பிடித்தால்தான் எந்திரம் அதை உள்ளே இழுக்கும். பிடித்த இடத்தில் மை படாது. ஓரம் விடும் பழக்கமோ அச்சுக்கும் முந்தியது. பனையோலையின் முனைகள் உதிரும் என்பதால் இரு பக்கமும் இடம் விட்டே எழுத்தாணியால் எழுதினார்கள். கயிறு கோக்கும் துளையைச் சுற்றியும் வெற்றிடம் இருக்கும்.

1715இல் முடிந்த பைபிள் புதிய ஏற்பாட்டின் அச்சுவேலை தரங்கம்பாடியில் நடந்தபோது தாளுக்குக் கடும் தட்டுப்பாடு. அதைச் சமாளிக்க எழுத்துகளைச் சிறிதாக வார்த்தார்கள். ஈய எழுத்துகளை இரும்புச் சட்டத்துக்குள் இறுக்கிப் பூட்டும் முறையில், தாளின் கடைசி நூலிழை வரை மை ஏற்றுவது நடைமுறைக்கு ஒத்துவராது. கறம்பக்குடியை உள்ளடக்கிய புதுக்கோட்டை சமஸ்தானத்தின் பிரகதாம்பாள் அரசு அச்சகமும் இந்த ஈய எழுத்துக் காலத்தைச் சேர்ந்ததுதான். சமஸ்தானத்தின் விரிவான கையேடு அங்கிருந்துதான் 1938 முதல் 1944 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது.

சிற்றூர்களுக்கு அச்சு போய்ச் சேர்ந்தது காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் எந்திரம் வழியாக. கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், ரசீதுப் புத்தகம் எல்லாம் அதில் அடித்தவையே. பத்திரிகையைச் சுற்றி ஓடும் பூவேலைக் கட்டம், ஓரத்து வெள்ளையை அழகாக மாற்றிய தந்திரம் என்றே சொல்லலாம். ஆனால் அதில் ஒரு தொல்லை உண்டு: கட்டம் விளிம்பை நெருங்க நெருங்க, தாள் ஒரு மில்லிமீட்டர் கோணினாலும் கண்ணில் உறுத்தும்.

ஓரச் சிக்கலுக்கு விடை அச்சில் இல்லை, தாளை வெட்டும் கத்தியில் இருந்தது; சிவகாசி இதற்கு எடுத்துக்காட்டு. 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்து சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிள் அச்சு அங்கே தனித்தொழிலாக வளர்ந்தது. சிறிய லேபிளை ஒவ்வொன்றாக அடித்தால் கட்டுப்படியாகாது. பெரிய தாளில் பலவற்றை நெருக்கி அடித்து, பிறகு வெட்டிப் பிரிப்பதே வழி. ஆப்செட் எந்திரம் தாளின் முன்விளிம்பில் ஏறத்தாழ 10 முதல் 12 மில்லிமீட்டரைக் ‘கிரிப்பர்’ பிடிக்கு எடுத்துக்கொள்ளும். அந்தப் பகுதி கழிவாக வெட்டுப்படும். வெட்டு சற்றே விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியாதிருக்க, வெட்டுக்கோட்டைத் தாண்டி வழக்கமாக 3 மில்லிமீட்டர் வரை நிறத்தை ஓடவிடுவார்கள். தொழிலில் இதற்குப் பெயர் ‘பிளீட்’. காலண்டரின் சாமி படம் விளிம்பு வரை நிறைந்திருப்பது இப்படித்தான்.

கறம்பக்குடி போன்ற ஊர்களின் ஜெராக்ஸ் கடையில் இருக்கும் லேசர் பிரிண்டருக்கும் இதே கட்டுப்பாடுதான். ஏ4 தாளின் அளவு 210க்கு 297 மில்லிமீட்டர். நான்கு பக்கமும் சுமார் 4 மில்லிமீட்டர் வெறுமையாக நிற்கும். லேசரில் சூடான உருளையில் மைத்தூள் ஒட்டிக்கொண்டால் அடுத்த தாளும் பாழாகும். ஓரம் விடுவதற்கு அதுவும் ஒரு காரணம். சில இங்க்ஜெட் பிரிண்டர்கள் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி, விளிம்புக்கு வெளியேயும் மை தெளிக்கின்றன. வழியும் மையை உள்ளிருக்கும் பஞ்சு உறிஞ்சிக்கொள்கிறது. இதனால் படத்தின் ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும்; எழுத்து நிறைந்த பக்கத்துக்கு இது ஆகாது. விளிம்பு வரை நிறம் வேண்டுவோருக்கு, பெரிய தாளில் அடித்து வெட்டிக்கொள்ளும் சிவகாசி முறையே இன்றும் நம்பகமானது.