மணநாள் ஓலையில் ஒரு வரி

பூம்புகாரில் கோவலனுக்கும் கண்ணகிக்கும் மணம் குறித்தபோது, அச்செய்தியை ஏட்டில் எழுதி எவர்க்கும் அனுப்பினாரில்லை. அணிகலன் பூண்ட மகளிரை யானைமீது ஏற்றி மாநகர் முழுவதற்கும் அறிவித்தனர் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. மணநாளை இளங்கோ குறிப்பிட்டதும் எண்ணால் அன்று. திங்கள் உரோகிணியைக் கூடிய நாள் என்கிறார். அகநானூற்று மணங்களிலும் அந்நாளே பேசப்படுகிறது. வானை நோக்கியவர் அனைவர்க்கும் அது விளங்கிற்று. ஊரும் ஒன்று, கணக்கும் ஒன்று.

ஊர் கடந்து வாழும் நம் போன்றோர்க்கு அவ்வசதி இல்லை. ஆதலின், மண அழைப்பிதழில் பிறவற்றை விடுத்து, நாளைக் குறிக்கும் ஒரு வரியின் வரலாற்றை மட்டும் இங்கே காண்போம். அதற்கு ஐதராபாத்தைவிடப் பொருத்தமான நகரம் வேறு இல்லை.

‘நாளைக் குறித்து வையுங்கள்’ என்று சில திங்களுக்கு முன்னரே சீட்டு அனுப்புவது இப்போது பரவியுள்ளது. மேனாட்டு வழக்கம் என்று முதியோர் சிலர் முகம் சுளிக்கின்றனர். நம்மிடமும் அப்பணியில் ஒரு பாதியைச் செய்த ஏடு ஒன்று உண்டு. நிச்சயதாம்பூலத்தின்போது சபையில் படித்து, மூலைகளில் மஞ்சள் தடவி மாற்றிக்கொள்ளும் இலக்கினப் பத்திரிகையே அது. ஆயினும் அது இரு வீட்டார்க்கு இடையே ஆனது. சுற்றத்தார்க்கு வீடு தேடிச் சென்று, குங்குமம் கொடுத்து அழைப்பதே முறை. அச்சகமும் அஞ்சலும் வந்தபின் தொலைவில் உள்ளோர்க்கு அச்சிட்ட பத்திரிகை சென்றது. ஒட்டாத உறையில் புக் போஸ்டாக அனுப்பினால் தபால் செலவு குறைவாக இருந்தது. ஆனால் உள்ளே தனிக் கடிதம் வைத்தலாகாது என்பது அன்றைய விதி. எனவே சொல்ல வேண்டிய அனைத்தையும் அச்சிலேயே சொல்லியாக வேண்டியிருந்தது.

இனி ஐதராபாத்துக்கு வருவோம். உசேன் சாகர் ஏரிக்கு அப்பால் 1806ஆம் ஆண்டில் சிக்கந்தராபாத் என்று பெயர் பெற்ற பாசறை நகரில், கம்பெனியின் சென்னைப் படை தங்கியது. அதனோடு தமிழரும் வந்தனர். பாசறையில் ஆங்கிலத் தேதி வழங்கிற்று. ஏரிக்கு இப்பால் நிஜாமின் அலுவலகங்களில் பிற்காலத்தில் வழங்கியது பசலி ஆண்டு. பசலி தமிழர்க்குப் புதிதன்று. நம் கிராமக் கணக்கிலும் உண்டு. ஆனால் சென்னை மாகாணத்துப் பசலி ஜூலை முதல் நாளில் தொடங்கும். நிஜாமின் பசலியோ அக்டோபரில், ஆசூர் என்னும் மாதத்தோடு தொடங்கிற்று. அதன் இரண்டாம் மாதத்தின் பெயர் ‘தை’! தை பிறந்தால் வழி பிறக்கும் என்றிருந்த தமிழர், நவம்பரிலேயே அலுவலகத் தாளில் தை பிறக்கக் கண்டு வியந்திருப்பர்.

பழைய நகரத்துச் சத்தா பஜார் இந்நகரின் மண அழைப்பிதழ்ச் சந்தை எனலாம். அங்கே மண அழைப்பை ‘ருக்கா’ என்பர். நம் ஊர்களில் சிறு சீட்டுக்கு வழங்கும் ருக்காவும் இச்சொல்லே. உருது நஸ்தாலீக் எழுத்தை அச்செழுத்தாக வார்ப்பது கடினம். அதனால் காதிப் எனப்படும் எழுத்தர் சிறப்பு மை கொண்டு தாளில் எழுத, அதனைக் கல்லில் பதித்து அச்சிட்டனர். கணினி எழுத்துக்கள் 1990களில் பரவியபின் அக்கைத்தொழில் மிகவும் சுருங்கிவிட்டது. அவ்வழைப்புகளில் ஹிஜ்ரித் தேதியும் ஆங்கிலத் தேதியும் அருகருகே நிற்கும். பிறை தென்படுவதைப் பொறுத்து ஹிஜ்ரித் தேதி ஒரு நாள் மாறலாம். அதன் நாள் தொடங்குவதும் கதிரவன் மறைந்தபின். ஆகவே விருந்தினர் ஏமாறாதிருக்க ஆங்கிலத் தேதி துணை நிற்கிறது.

அண்டை வீட்டுத் தெலுங்கரோடு நமக்கு இவ்வளவு வேறுபாடு இராது என எண்ணத் தோன்றும். அறுபது ஆண்டுப் பெயர்களும் இருவர்க்கும் பொதுவே. ஆனால் அவர்கள் மாதம் திங்களின் வழியது; நம் மாதம் ஞாயிற்றின் வழியது. 2025ஆம் ஆண்டில் பங்குனி உத்திரம் ஏப்ரல் 11இல் வந்தது. அந்நாளில் ஒரு திருமணம் என்று கொள்வோம். தமிழ்ப் பத்திரிகையில் அது குரோதி ஆண்டு பங்குனி 28. தெலுங்குச் சுபலேகையிலோ விசுவாவசு ஆண்டு சைத்திர சுத்த சதுர்த்தசி! உகாதி மார்ச்சு 30இலேயே வந்துவிட்டதால், நாள் ஒன்றாயினும் ஆண்டே வேறாயிற்று.

இதனினும் இடர் தருவது ஆடி. தெலுங்கர் ஆஷாடத்தை விலக்குவர். நாம் ஆடியை விலக்குகிறோம். இரண்டும் ஒன்றென்று பலர் நினைக்கின்றனர். அதே 2025இல் ஜூலை 25ஆம் நாள் அவர்கட்குச் சிராவணம் பிறந்தது. நமக்கோ ஆகஸ்டு 16 வரை ஆடி நீடித்தது. தமிழ்ப் பெண்ணைத் தெலுங்கு இல்லத்தில் கொடுக்கும்போது இம்மூன்று வாரங்களில் நாள் குறித்தால், மதுரையில் இருக்கும் பாட்டியார்க்கு யார் விடை கூறுவது?

நாட்கணக்கோடு சொல்லும் மாறியது. 1916ஆம் ஆண்டில் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், சுயமரியாதை இயக்கமும் ‘விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை’யைத் ‘திருமண அழைப்பிதழ்’ ஆக்கின. சிரஞ்சீவி திருநிறைச்செல்வன் ஆனான். சௌபாக்கியவதி திருநிறைச்செல்வி ஆனாள். புரோகிதரின்றி நடந்த மணங்களுக்கு 1967ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் தமிழகத்தில் செல்லுபடி அளித்தது. சிலர் கிறித்து ஆண்டோடு 31 கூட்டித் திருவள்ளுவர் ஆண்டையும் பொறித்தனர். வெளிமாநிலத் தமிழர் பலர் இன்றும் பழஞ்சொற்களையே அச்சிடுகின்றனர். பாட்டனார் ஊரை விட்டு வந்த நாளில் வழங்கிய சொற்கள் அவை. அவற்றைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை.

ஆயினும் நாளைக் குறிக்கும் வரியில் ஐயம் இருத்தல் ஆகாது. 2024 நவம்பர் முதல் ரயிலில் 60 நாட்களுக்கு முன்னரே முன்பதிவு தொடங்குகிறது. சென்னையிலிருந்து சார்மினார் எக்ஸ்பிரஸில் வரவேண்டிய உறவினர்க்கு, அதற்கு முன்பே சீட்டு கைக்கு எட்ட வேண்டும். முகூர்த்தவேளை, இலக்கினம், பெற்றோர் பட்டங்கள் ஆகியன பின்னர் வரும் பத்திரிகைக்கு உரியன. முன்சீட்டில் ஆங்கிலத் தேதியும் கிழமையும் முதலில் நிற்கட்டும், அடுத்து ஊர்ப்பெயர், அதன்கீழ்த் தமிழ் மாதமும் நாளும். தெலுங்கு அன்பர்க்குரிய படியில் அவர்கள் திதியை அவர்கள் எழுத்திலேயே சேர்க்கலாம். ‘எங்கள் இல்லத் திருமணம் இந்நாளில் நிகழவிருக்கிறது. இந்நாளை எங்களுக்கென ஒதுக்கி வைக்க வேண்டுகிறோம். முறையான அழைப்பு பின்னர் வரும்’ என்ற மூன்று வாக்கியங்கள் போதும். மூன்றாம் வாக்கியத்தை மட்டும் விட்டுவிடலாகாது. சீட்டோடு அழைப்பு முடிந்ததென்று மாமன்மார் கருதிவிட்டால், பந்தலில் அதற்கு ஈடு செய்ய இயலாது.