கோபுலு: வார இதழ்ச் சிரிப்புப் படங்களின் காலம்

தமிழ் இதழ்களில் கேலிச்சித்திரம் 1906-ல் தொடங்கிய பாரதியின் ‘இந்தியா’ காலத்திலேயே வந்துவிட்டது. ஆனால் அது அரசியல் ஆயுதம். வீட்டையும் தெருவையும் பார்த்துச் சிரிக்கும் படம் வாரந்தோறும் வரத் தொடங்கியது, எஸ்.எஸ். வாசன் 1928-ல் ‘ஆனந்த விகட’னை வாங்கி நடத்தத் தொடங்கிய பிறகுதான். அங்கே ஓவியர் மாலி அந்தக் கலைக்கு ஓர் இலக்கணம் வகுத்தார். அதை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோனவர் கோபுலு.

எஸ். கோபாலன் என்ற இயற்பெயர் கொண்ட அவர் 1924 ஜூன் 18 அன்று தஞ்சாவூரில் பிறந்தார். கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்றார். மாலியைத் தேடிச் சென்னைக்கு வந்த இளைஞருக்கு முதல் சோதனையாகக் கிடைத்தது திருவையாற்றுப் பயணம். தியாகராஜர் வழிபட்ட ராமர் பட்டாபிஷேகப் படத்தைப் பார்த்து வரைந்து வர வேண்டும். அதில் தேறியவர் விகடனில் சேர்ந்தார். ‘கோபுலு’ என்ற பெயரும் மாலி வைத்ததே. சக ஓவியர் சீனிவாசன் கோயில் சிற்பங்களை வரைந்து ‘சில்பி’யாகப் புகழ்பெற்றார். கோபுலு மனிதர்கள் பக்கம் திரும்பினார்.

அன்றைய அச்சுமுறைக்கும் கோபுலுவின் பாணிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. கறுப்பு மையால் வரைந்த படத்தைப் புகைப்படம் எடுத்து, துத்தநாகத் தகட்டில் பிளாக் செய்து அச்சடித்தார்கள். கோட்டு பிளாக்கில் கறுப்பும் வெள்ளையும்தான் பதியும். சாம்பல் நிறத்துக்கு இடமில்லை. மலிவான தாள் மையை உறிஞ்சிப் பரப்பும்; நெருக்கமாகப் போட்ட கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி அப்பிக்கொள்ளும். எனவே குறைந்த கோட்டில் ஆளைக் காட்டத் தெரிந்தவரே பிழைக்க முடிந்தது. கோபுலுவின் படங்களில் வளைந்த முதுகும் தூக்கிய புருவமும் பாதிக் கதையைச் சொல்லிவிடும். ஒரு வரி வசனம்கூட இல்லாத நகைச்சுவைப் படங்களை அவர் வரைந்ததற்கு இந்தத் தேர்ச்சியே அடிப்படை.

தொடர்கதைகள் அவருக்குப் பெரிய களமாயின. கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’ 1950-களில் விகடனில் வந்தபோது, நாயனக்காரர் சண்முகசுந்தரமும் நாட்டியக்காரி மோகனாவும் கோபுலுவின் கோடுகளில் உருவம் பெற்றார்கள். 1968-ல் கதை திரைப்படமாவதற்கு வெகுமுன்பே வாசகர்களுக்கு அந்த முகங்கள் பழகியிருந்தன. நாகஸ்வரக் கச்சேரியும் கோயில் திருவிழாவும் தஞ்சாவூர்க்காரருக்குக் கேட்டு வரைய வேண்டிய விஷயங்கள் அல்ல. சாவியின் ‘வாஷிங்டனில் திருமண’த்தில் ஜானவாசம், அப்பளம், சாஸ்திரிகள் கூட்டம் எல்லாம் அமெரிக்கத் தெருவில் இறங்கும் வேடிக்கைக்கும் அவரே படம் போட்டார். தேவன் படைத்த ‘துப்பறியும் சாம்பு’வுக்கு முதலில் ராஜு வரைந்தார், அது சித்திரத் தொடராக வந்தபோது கோபுலு வரைந்தார். அசட்டுத்தனத்தாலேயே வழக்கைத் துலக்கும் வங்கிக் குமாஸ்தாவும், மனைவி வேம்புவும், இன்ஸ்பெக்டர் கோபாலனும் கட்டம் கட்டமாக நடமாடினார்கள்.

ஏறத்தாழ இதே காலத்தில் பிரான்ஸில் சிரிப்புப் படக்கதை வேறு வழியில் போனது. கோசினி எழுத, உடெர்சோ வரைந்த ‘ஆஸ்டெரிக்ஸ்’ 1959-ல் ‘பிலோத்’ வார இதழில் தொடங்கி, 1961-ல் தனி நூலானது. எழுதியவர், வரைந்தவர் இருவர் பெயரும் அட்டையில் சமமாக நின்றன; நூல் விற்பனையே ஓவியரின் பிழைப்பானது. தமிழில் படம் கதைக்குத் துணையாகவே கருதப்பட்டது. வாசகர்கள் வாராவாரம் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்துக்கொண்டார்கள். கதை பதிப்பக நூலாக வெளிவந்தபோது படங்கள் பெரும்பாலும் விடுபட்டன. ஓவியர் இதழில் வாங்கும் சம்பளத்தோடு நின்றார்.

1963-ல் கோபுலு விகடனை விட்டு விளம்பரத் துறைக்குப் போனார். பிறகு ‘ஆட்வேவ்’ என்ற விளம்பர நிறுவனத்தை நடத்தினார். பத்திரிகை ஓவியத்தை முற்றிலும் விடவில்லை; பல இதழ்களுக்கும் தீபாவளி மலர்களுக்கும் தொடர்ந்து வரைந்தார். பக்கவாதத்தால் வலக்கை முடங்கியபோது இடக்கையால் வரையப் பழகினார்.

விகடனில் அவர் விட்ட இடத்தில் பின்னாளில் மதன் வந்தார். முன்ஜாக்கிரதை முத்தண்ணா, ரெட்டைவால் ரெங்குடு போன்ற பாத்திரங்களை ஓவியரே கற்பனை செய்து, நகைச்சுவையையும் தாமே எழுதும் வழக்கம் அவரால் வலுப்பெற்றது. கோபுலு 2015 ஏப்ரல் 29 அன்று தமது 90-ம் வயதில் சென்னையில் காலமானார்.