வளைவுக்கு உள்ளே ஒரு வகுப்பு

மாரமங்கலத்துல பஸ் ஏறி, ஏற்காடு வழியா மலை இறங்கினா, சேலம் வர்ற வழியில ஒரு பழைய வளைவு நிற்கும். மாடர்ன் தியேட்டர்ஸ் வாசல் அது. உள்ளே ஸ்டுடியோ இப்போ இல்லை. டி.ஆர்.சுந்தரம் 1935ல் தொடங்கியது. மலையாளத்தின் முதல் பேசும்படம் ‘பாலன்’ (1938), தமிழின் முதல் முழு வண்ணப்படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956), ரெண்டுமே இந்தக் கம்பெனி தயாரிப்பு.

எனக்குப் பிடிச்சது எல்லிஸ் ஆர். டங்கன் கதை. அமெரிக்காவுல பல்கலைக்கழகத்தில் சினிமா படிச்சவர். 1950ல் வெளியான ‘மந்திரி குமாரி’யை இங்கே இயக்கினார். அவர் பக்கத்துல நின்ன நம்ம ஆட்களுக்கு? செட்டுதான் வகுப்பு. லைட் தூக்கித் தூக்கித்தான் கேமரா கிட்ட போகணும்.

சென்னையில் 1945ல் சினிமாவுக்குன்னு படிப்பு வந்தது. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவுன்னு எல்லாம் தொழில்நுட்பம். படத்தைப் பார்த்துப் பிரிச்சுப் பேசுற படிப்பு இல்லை.

நான் பிளஸ் ஒன் சேர்ந்தப்போ குரூப் லிஸ்ட்ல சினிமாவைத் தேடினேன் (சிரிக்காதீங்க). 2022ல் அரசுப் பள்ளிகள்ல மாசம் ஒரு சிறார் படம் போட்டு, அதைப் பத்திப் பேச வைக்க ஆரம்பிச்சாங்க. அதுவும் ஆறாவது முதல் ஒன்பதாவது வரைக்கும்தான். இங்கிலாந்துல பதினேழு வயசுப் பிள்ளைங்க ஏ லெவல்ல ஃபிலிம் ஸ்டடீஸ் பரீட்சை எழுதுறாங்க. மாரமங்கலத்துப் பதினேழு வயசுக்கு அந்த வளைவு பஸ் ஜன்னல்ல அஞ்சு செகண்ட்.