வெங்காய மண்டியும் வீணையும்

சென்னைப் பட்டணத்துச் சங்கீதம் எங்கே வளர்ந்தது என்று கேட்டால், பெரும்பாலோர் தயங்காமல் மயிலாப்பூரைக் காட்டுவார்கள். மார்கழி மாதம், சபா வாசல், காண்டீன் காப்பி இவற்றோடு பழகிவிட்ட மனத்துக்கு அப்படித்தான் தோன்றும். மயிலாப்பூரின் பெருமையில் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் அந்தப் பெருமைக்கு முதல் போட்டவர்கள் யார் என்று தேடிக்கொண்டு போனால், ஜார்ஜ் டவுனில் கொத்தவால் சாவடி வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

நானும் ஒரு நாள் காலையில் அங்கே போய் நின்றேன். காய்கறி மொத்த வியாபாரம் 1996-இல் கோயம்பேட்டுக்குக் குடிபோய்விட்டது. ஆனாலும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் சந்தடி குறைந்தபாடில்லை. கோடவுன் தெருவில் துணி மூட்டைகள், ஆண்டர்சன் தெருவில் காகிதக் கட்டுகள், நடுவே மீன்பாடி வண்டிகள். "ஓரம்! ஓரம்!" என்ற குரல் காதில் விழுவதற்குள் மூட்டை முதுகில் இடித்துவிடுகிறது. காய்கறி மண்டியும் இருந்த நாளில் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்துகொண்டே நடந்தேன்.

இந்த இரைச்சலிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் கோவிந்தப்ப நாயக்கன் தெரு. அங்கே இருந்த சௌந்தர்ய மஹால் ஒரு காலத்தில் பெயர் பெற்ற கச்சேரி மண்டபம். இன்னும் கொஞ்சம் நடந்தால் அரண்மனைக்காரத் தெரு. அன்னிபெஸன்ட் அம்மையார் 1915-இல் அமைத்த கோகலே ஹால் அந்தத் தெருவில்தான். சுயராஜ்யப் பிரசங்கமும் சங்கீதக் கச்சேரியும் ஒரே கூரையின் கீழ் நடந்த இடம் அது. கடைத்தெருவுக்கு நடுவில் ஏன் இத்தனை சங்கீதம்?

விடை வெகு எளியது. பணம் அங்கே இருந்தது. 1855-இல் தஞ்சாவூர் ராஜ வம்சம் அஸ்தமித்த பிறகு, வித்வான்களுக்கு ஆதரவு தர அரண்மனை இல்லை. பட்டணத்திலோ துபாஷிகளும் செட்டிமார்களும் முதலியார்களும் கப்பலிலும் துணியிலும் தானியத்திலும் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன்னாலேயே வழி பிறந்திருந்தது. தியாகராஜ ஸ்வாமிகள் பட்டணத்துக்கு வந்தபோது கோவூர் சுந்தரேச முதலியாரின் பந்தர் தெரு வீட்டில் தங்கினார். ஸ்வாமிகளின் சீடர் வீணை குப்பய்யர் முத்தியாலுப்பேட்டையில் குடியிருந்து சிஷ்யர்களைத் தயார் செய்தார். கணக்குப் புத்தகமும் கீர்த்தனையும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களாகவே இருந்தன.

இவர்களுக்குப் பின் வந்தவர்களில் என் மனத்தை அதிகமாகக் கவர்ந்தவர் வீணை தனம்மாள். 1867-இல் பிறந்தவர். அவருடைய பாட்டி காமாட்சி தஞ்சாவூர் அரண்மனையில் ஆடியவர். தாயார் சுந்தரம்மாள், சியாமா சாஸ்திரிகளின் குமாரர் சுப்பராய சாஸ்திரிகளிடம் பாடம் கேட்டவர். ஜார்ஜ் டவுனில் ராமகிருஷ்ண செட்டித் தெருவில் இருந்த தனம்மாள் வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் மாலையில் வீணை ஒலிக்கும். டிக்கெட் கிடையாது, மேடை கிடையாது. பெரிய வித்வான்களும், கடை கட்டிவிட்டு வந்த வியாபாரிகளும், கோர்ட்டு முடிந்து வந்த வக்கீல்களும் பாயில் உட்கார்ந்து கேட்பார்கள்.

தனம்மாளின் வாசிப்பு மிகவும் மெல்லியது. வீணையோடு அவர் இழைந்து பாடும் குரலும் அப்படியே. பட்டணத்திலேயே மிக அதிகமான கூச்சல் நிறைந்த பேட்டையில், பட்டணத்திலேயே மிக மெல்லிய சங்கீதம்! மூச்சுவிடும் சத்தம்கூட இடைஞ்சலாகிவிடும் என்று எல்லாரும் அடங்கியிருந்தார்களாம். பகலெல்லாம் விலை கூவிய தொண்டைகள் அந்த ஒரு மாலையில் மௌனம் பழகியிருக்கின்றன. சங்கீதத்துக்கு அந்தக் கடைத்தெரு செய்த மிகப் பெரிய கைங்கரியம் அந்த மௌனம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் மௌனம் வயிற்றை நிரப்பாது. சபாக்கள் வளர்ந்தன. காங்கிரஸ் மகாசபையோடு 1927-இல் நடந்த சங்கீத மகாநாட்டைத் தொடர்ந்து 1928-இல் மியூஸிக் அகாடமி பிறந்தது. டிக்கெட் வாங்கிய எவரும் கேட்கலாம் என்ற நிலை வந்தது, அது நல்லதுதான். ஆனால் வீட்டுக் கூடத்தில் வளர்ந்த சங்கீதத்துக்குப் பெரிய மண்டபத்தில் இடம் சுருங்கிற்று. அந்தக் கூடங்களை ஆண்ட பெண்களின் குலத்தையே சமூகம் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கியிருந்தது. கடைசிக் காலத்தில் தனம்மாளுக்குக் கண் பார்வை போயிற்று, கையிலும் தட்டுப்பாடு. 1938-இல் காலமானார். பேத்திமார்களில் பாலசரஸ்வதிக்கு 1973-இலும் பிருந்தாவுக்கு 1976-இலும் அகாடமி சங்கீத கலாநிதிப் பட்டம் அளித்தது. பாட்டியின் கடனை ஊர் பேத்திகளிடம் தீர்த்தது என்று வைத்துக்கொள்ளலாம். வட்டி சேர்ந்ததா என்பது வேறு விஷயம்.

வியாபாரிகள் தெற்கே பங்களா கட்டிக்கொண்டு போனார்கள். சங்கீதமும் பின்னாலேயே போயிற்று. ரசிகர்களை வடக்கேயும் தெற்கேயும் ஏற்றி இறக்கிய டிராம் வண்டியும் 1953-இல் நின்றது. கோகலே ஹாலையோ இடிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். அதைத் தடுக்க நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. முதல் போட்டவனின் பெயரைப் பலகையிலிருந்து எடுத்துவிடுவது வியாபாரத்தில் புதிதல்ல. சங்கீதத்திலும் புதிதல்ல போலும்.

தனம்மாளின் வாசிப்பில் நமக்கு மிஞ்சியிருப்பவை 1930-களில் பதிவான சில இசைத்தட்டுக்களே. ஒவ்வொரு பக்கமும் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேலே ஓடும். முதலில் கேட்பது தட்டின் கரகரப்புத்தான். அதற்கு அடியில் எங்கேயோ தூரத்தில் வீணை இருக்கிறது. பொறுமையாகக் காதைத் தீட்டிக்கொண்டால் மெல்ல மெல்ல இரைச்சல் ஒதுங்கி, அந்த நாதம் மட்டும் நிற்கிறது. ஜார்ஜ் டவுன்காரர்கள் வெள்ளிக்கிழமை தோறும் செய்துவந்த காரியம் அதுதான்.