தீயும் புகையும் பட்ட மின்கருவி: எதை வைத்திருக்கலாம், எதை ஒதுக்க வேண்டும்?

2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் பள்ளிவாசலும் முஸ்லிம்களின் கடைகளும் தாக்கப்பட்டன. அடுத்த வாரமே திகனயில் கடைகளும் வீடுகளும் எரிந்தன. எரிந்தவற்றைப் பற்றி நிறைய எழுதினோம். எரியாமல் புகையில் நின்ற பொருட்களைப் பற்றி நான் எழுதவில்லை.

அந்தக் குறையை நினைவூட்டியவர் கல்முனைப் பக்கத்துத் தச்சு பாஸ் ஒருவர். பக்கத்துக் கடை மின்னொழுக்கில் எரிந்தபோது அவருடைய பட்டறைக்குள் புகை மட்டுமே வந்தது. கரி படிந்த கிரைண்டரைத் துடைத்து ஓடவிட்டுக் காட்டி, "ஓடுதுதானே தம்பி, பிறகென்ன?" என்று கேட்டார்.

மோட்டார் சுற்றுகிறது என்பதால் கருவி பாதுகாப்பானது என்றாகிவிடாது. 230 வோல்ட் மின்சாரத்தையும் நம் கையையும் பிரித்து வைப்பது உள்ளேயிருக்கும் காப்பு உறைதான். அது பழுதானாலும் மோட்டார் ஓடும்.

புகை என்ன செய்யும்?

வயர் உறைகள் பெரும்பாலும் பீவீசியால் ஆனவை. தூய பீவீசியின் எடையில் ஏறத்தாழ 57 சதவீதம் குளோரின். அது எரியும்போது ஐதரசன் குளோரைட்டு வாயு வெளிவரும். ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலமாகி, செம்பையும் இரும்பையும் அரிக்கும். நமது கடற்கரைக் காற்றில் ஈரத்துக்கும் உப்புக்கும் குறைவில்லை. கரித்தூளும் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. ஆகவே இன்று ஓடும் கருவி சில வாரங்களின் பின் ஷொக் அடிக்கலாம், தீப்பற்றவும் கூடும். தீயணைக்கப் பாய்ச்சிய தண்ணீரும் அணைப்பான் தூளும் இதே கெடுதலைச் செய்யும்.

உடனே ஒதுக்க வேண்டியவை

* உடல் உருகிய, நெளிந்த, வெடித்த கருவிகள். சதுரத்துக்குள் சதுரம் என்ற குறியுள்ளவற்றில் பிளாஸ்டிக் உடலும் காப்பின் ஒரு பகுதி; அவற்றுக்கு எர்த் வயர் இல்லை.
* வெப்பம் பட்ட லித்தியம் பற்றரிகள். பல மணிநேரம் கழித்தும் தீப்பற்றலாம். வீட்டுக்குள் வைக்காமல், எரியும் பொருட்கள் இல்லாத வெளியிடத்தில் வையுங்கள்.
* வெப்பமோ தண்ணீரோ பட்ட கிரைண்டர் தட்டுகள். அவற்றைப் பிணைத்திருக்கும் பிசின் பலவீனமானால் சுழலும்போது சிதறும்.

புகை மட்டும் பட்டிருந்தால்

பரிசோதனைக்காகக்கூடப் பிளக்கில் செருக வேண்டாம். ஈரத்துணியால் துடைக்கவும் வேண்டாம். உலர்ந்த தூரிகையால் தட்டி, வெக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். காற்றழுத்தத்தால் ஊதினால் கரி இன்னும் உள்ளே போகும். முகக்கவசமும் கையுறையும் அணிந்துகொள்ளுங்கள்.

பிறகு, அரிப்பு தொடங்குவதற்கு முன், முதல் சில நாட்களுக்குள்ளேயே திருத்துநரிடம் கொடுங்கள். அவர் கழற்றிச் சுத்தம் செய்து, வயரையும் சுவிட்சையும் மாற்றி, பெயாரிங்கைப் பார்த்து, 500 வோல்ட் மெகர் கருவியால் காப்புத் தடையை அளக்க வேண்டும். எர்த் உள்ள உலோக உடல் கருவிக்குக் குறைந்தது 1 மெகாஓம், இரட்டைக் காப்புள்ளதற்கு 2 மெகாஓம் வர வேண்டும். உலோக உடலானால் எர்த் தொடர்பையும் சோதிக்கச் சொல்லுங்கள். மெகர் இல்லாமல் "ஓகே" என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்பீர்கள். வீடுகளில் பொதுவாக உள்ள 30 மில்லிஅம்பியர் சுவிட்ச் உயிரைக் காக்கும் கடைசித் தடுப்பு. பழுதான கருவியை நல்லதாக்காது.

எறியுமுன்

கருவியையும் அதன் தொடரிலக்கத்தையும் படமெடுங்கள். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், வாங்கிய பற்றுச்சீட்டு ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். வன்முறையில் இழந்ததென்றால், 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இழப்பீட்டு அலுவலகத்திடம் கேட்கும்போது இவை உதவும்.

கடைசியாக, பிளக்கை வெட்டிவிட்டே எறியுங்கள். சுனாமிக்குப் பிறகு ஒவ்வொரு கருவியையும் சிரமப்பட்டுச் சேர்த்த ஊர் இது. முழுதாகக் கிடந்தால் இன்னொருவர் எடுத்துத் துடைத்து, ஓடவிட்டுப் பார்ப்பார்.