ஆட்டுக்கு ஓர் அரசாணை

ஒரு செம்மறி ஆடு எப்போது 'புதிய இனம்' ஆகிறது? சோவியத் ஒன்றியத்தில் அதை முடிவு செய்தது அரசு. நிபுணர் குழு பண்ணைக்கு வரும். மந்தையில் போதுமான ஆடுகள் உண்டா, கம்பளி எவ்வளவு மெலிசு, குட்டிகள் தாய் தகப்பனைப் போலவே வளர்கின்றனவா என்று பதிவேட்டை வைத்துச் சரிபார்க்கும். தேறினால்தான் ஆணையும் பெயரும். பொறியியல் படித்த எனக்கு இது பழகிய சமாச்சாரம்தான். ஒரே ஒரு மாதிரி நன்றாக வந்தால் யாரும் முத்திரை குத்த மாட்டார்கள், நூறாவதும் அப்படியே வரணும்.

அப்படிப் பெயர் வாங்கியவற்றில் கஜகஸ்தானின் அர்கார்-மெரினோ கதை விசித்திரமானது. மெல்லிய கம்பளி தரும் மெரினோ உயர்ந்த மலை மேய்ச்சலுக்குப் பழகாதது. அர்கார் என்ற காட்டுச் செம்மறிக்கோ மலைதான் வீடு. இரண்டையும் கலக்கும் வேலையை 1934இல் நிக்கொலாய் புத்தாரின் குழுவினர் தொடங்கினார்கள். காட்டுக் கிடாவை யார் பிடித்துக் கட்டுவது? சுட்டு வீழ்த்திய கிடாவிலிருந்து விந்தை எடுத்து மெரினோ பெட்டைகளுக்குச் செயற்கை முறையில் செலுத்தினார்கள். கலப்புக் குட்டிகளை மீண்டும் மெரினோவோடு சேர்த்து, தேறியதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 1950இல் அங்கீகாரம் கிடைத்தது. சும்மா சொல்லக்கூடாது, அசாத்தியமான உழைப்பு.

ஆனால் அதற்கு முந்தைய இனத்தின் தேதியைப் பாருங்கள். கஜக் மென்கம்பளி ஆட்டை உருவாக்கும் வேலை 1931இல் தொடங்கி, 1946இல் ஒப்புதல் பெற்றது. 1931 என்றால் கஜக்குகள் 'அஷர்ஷிலிக்' என்று சொல்லும் பெரும்பஞ்சத்தின் நடுப்பகுதி. மேய்ச்சல்காரர்களின் மந்தைகளைக் கூட்டுப்பண்ணைக்குள் அடைத்தார்கள், இறைச்சிக் கொள்முதல் என்று வாரிக்கொண்டு போனார்கள். சில ஆண்டுகளில் அந்த நாட்டின் கால்நடைகள் ஏறத்தாழ 40 மில்லியனிலிருந்து 4.5 மில்லியனாகக் குறைந்தன. இறந்த மனிதர்கள் சுமார் 1.5 மில்லியன். ஒரு பக்கம் மந்தைகள் அழிய, இன்னொரு பக்கம் அதே அரசு புது ஆடு செய்துகொண்டிருந்தது.

புது ஆட்டின் தாய்வழி எது தெரியுமா? அதே மேய்ச்சல்காரர்களின் ஆடுதான். பின்புறத்தில் கொழுப்பைத் திரட்டி வைத்துக்கொண்டு, குளிர்காலத்தில் பனியைக் கிளறிப் புல் தேடும் கஜக் ஆடு. அதன் முரட்டு ரோமத்தை அடித்துத்தான் கூடாரத்துக்கான கம்பளம் செய்வார்கள். அந்த வீட்டின் பெயரே 'கம்பள வீடு'. ஜவுளி ஆலைகளுக்கு முரட்டு ரோமம் தோதுப்படவில்லை. ஆகவே ஐரோப்பிய மென்கம்பளிக் கிடாக்களோடு சேர்த்தார்கள். இதைக் 'தரம் உயர்த்துதல்' என்று எழுதுவது எனக்கு உறுத்துகிறது. யாருடைய தரம்? கூடாரத்தில் இருப்பவருக்கு மெல்லிய கம்பளியால் என்ன பயன்?

அதே நாட்டின் எதில்பாய் ஆட்டை 19ஆம் நூற்றாண்டில் மேய்ச்சல்காரர்களே கலந்து உருவாக்கியிருந்தார்கள், எந்தக் குழுவும் வந்து பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பே.

1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்ததும் மென்கம்பளிக்குச் சந்தை சரிந்தது. ஆணை வாங்கிய மந்தைகள் கரைந்தன. வளர்ப்பவர்கள் பலர் கொழுப்பு திரண்ட பழைய ஆட்டுக்கே திரும்பிப் போனார்கள்.